ஈயின் இறக்கை சாட்சி சொல்லுமா?

மீன் சந்தையின் ஓரத்தில், வீட்டு ஈயைவிடச் சற்றுப் பருத்து, பச்சையும் நீலமுமாகப் பளபளக்கும் ஈக்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முகத்தைச் சுளித்துக் கையால் விரட்டிவிட்டு நடந்து விடுகிறோம். ஆனால் கொலை வழக்குகளில் துப்புத் துலக்குவோருக்கு இந்த ஈ ஒரு கடிகாரம். இறந்தவர் எத்தனை நாளுக்கு முன் இறந்தார் என்பதை அது சொல்லும்.

அண்மையில் என் மாணவர் ஒருவர் ஒரு செய்தித் துணுக்கை வெட்டி எடுத்து வந்தார். ஈயின் இறக்கையைப் படம் பிடித்தால் போதும், அது இன்ன ஈ என்று கணிப்பொறி சொல்லிவிடும். குற்றவாளி இனித் தப்ப முடியாது என்ற பாணியில் அது எழுதப்பட்டிருந்தது. “சார், இது உண்மையா?” என்று கேட்டார். “பாதி உண்மை” என்றேன். மற்றப் பாதி எங்கே இடறுகிறது என்று கேட்டார். அதற்கான பதிலே இக்கட்டுரை. நான் பூச்சியியல் படித்தவன் அல்லன். மாணவர்களுக்கு அளவிடக் கற்றுத் தருபவன். இந்த முறையோ முழுக்க முழுக்க அளவீட்டையே நம்பி நிற்பது. ஆகவே அந்தக் கோணத்திலிருந்தே இதைச் சீர்தூக்கிப் பார்க்கிறேன்.

ஈ எப்படிக் கடிகாரம் ஆகிறது?

ஈயைச் சாட்சிக்கு அழைப்பது புதிய வழக்கம் அன்று. சீன நாட்டு நீதிபதி சோங் ட்ஸு 1247ஆம் ஆண்டில் எழுதிய நூலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. ஒருவன் அரிவாளால் வெட்டப்பட்டு இறந்தான். ஊரார் அனைவருடைய அரிவாள்களையும் தரையில் வரிசையாக வைக்கச் செய்தார்கள். ஓர் அரிவாளில் மட்டும் ஈக்கள் வந்து மொய்த்தன. கழுவியும் போகாத இரத்த வாடை ஈக்குத் தெரிந்தது. அரிவாளுக்குரியவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

இன்றைய முறை வேறு. சடலத்தின் மீது ஈ முட்டையிடுகிறது. முட்டை புழுவாகி, புழு கூட்டுப்புழுவாகி, கூட்டுப்புழு ஈயாகிறது. நம் நாட்டு வெப்பத்தில் சில பச்சை ஈக்களுக்கு இந்தப் பயணம் முழுவதும் முடியச் சுமார் பத்து நாட்கள் ஆகும். புழு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும், அங்கே வெப்பநிலை எவ்வளவு இருந்தது என்பதையும் அறிந்தால், முட்டை இடப்பட்ட நாளைப் பின்னோக்கிக் கணக்கிடலாம்.

இங்கிலாந்தில் 1935ஆம் ஆண்டு நடந்த வழக்கு இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. பம்பாயில் பிறந்து லங்காஸ்டர் நகரில் மருத்துவம் பார்த்து வந்த பக் ரக்ஸ்டன் என்பவரின் மனைவியும் பணிப்பெண்ணும் செப்டம்பர் மாத நடுவில் காணாமல் போயினர். மாத இறுதியில், 29ஆம் நாள், ஸ்காட்லாந்தில் மோஃபட் என்னும் ஊருக்கு அருகே ஓர் ஓடைப் பள்ளத்தில் உடற்பகுதிகள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றிலிருந்த புழுக்களைக் கிளாஸ்கோவின் டாக்டர் அலெக்ஸாண்டர் மெர்ன்ஸ் ஆராய்ந்தார். அவை காலிஃபோரா விசினா என்ற நீல ஈயின் புழுக்கள் என்றும், அவற்றின் வயது 12 முதல் 14 நாட்கள் என்றும் கூறினார். வேறு பல சான்றுகளோடு இதுவும் பொருந்தியது. ரக்ஸ்டன் 1936 மே 12 அன்று தூக்கிலிடப்பட்டார்.

அவர் முதலில் ஈயின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வயதைச் சொன்னார் என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு சிற்றினமும் வளர எடுத்துக்கொள்ளும் காலம் வேறு. ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். வளர்ச்சிக்கு வேண்டிய வெப்பத்தை ‘டிகிரி-மணி’ என்ற அலகால் அளக்கிறார்கள். 10 டிகிரிக்குக் கீழே வளராத இரு ஈக்களை எடுத்துக்கொள்வோம். ஒரு குறிப்பிட்ட கட்டத்தை எட்ட முதல் ஈக்கு 1800 டிகிரி-மணியும் இரண்டாவதற்கு 2520 டிகிரி-மணியும் வேண்டும் என்க. அன்றாட வெப்பநிலை 25 டிகிரி. எனில் மணிக்கு 15 டிகிரி-மணி சேரும். முதல் ஈக்கு 120 மணி, அதாவது 5 நாள். இரண்டாவதற்கு 168 மணி, அதாவது 7 நாள். சந்தேகத்துக்குரியவர் ஆறு நாளுக்கு முன்புதான் வெளியூரிலிருந்து திரும்பினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈயின் பெயர் ஒன்றானால் அவர் மீது நிழல் விழுகிறது. மற்றொன்றானால் அவர் நிரபராதி. ஒரு மனிதனின் வாழ்வு ஓர் ஈயின் பெயரில் தொங்குகிறது!

இறக்கையில் என்ன இருக்கிறது?

ஈயின் பெயரைக் கண்டுபிடிப்பது எளிதன்று. வழக்கமான முறையில், பூச்சியியலார் உருப்பெருக்கியில் மயிர்களின் வரிசையையும், மூச்சுத் துளையின் நிறத்தையும், முகத்தின் நிறத்தையும் பார்த்துச் சொல்வார்கள். இதற்குப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். மயிர் உதிர்ந்து நிறம் மங்கிய ஈயில் அந்த அடையாளங்களும் கிடைக்கா. மரபுப் பொருளான டி.என்.ஏ.யைச் சோதிக்கலாம், அதற்குத் தனி ஆய்வுக்கூடமும் பணமும் தேவை.

இங்கேதான் இறக்கை வருகிறது. மெல்லியது, தட்டையானது, ஈ காய்ந்து சருகானாலும் எளிதில் கெடாதது. அதில் ஓடும் நரம்புகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்களும், ஓரத்தைத் தொடும் இடங்களும் தெளிவான புள்ளிகள். இவற்றில் 15 முதல் 20 வரை தேர்ந்தெடுத்து, படத்தின் மேல் ஒவ்வொன்றின் எக்ஸ், ஒய் ஆயங்களைக் குறிக்கிறார்கள். இறக்கை இப்போது எண்களின் பட்டியல் ஆகிவிட்டது.

அடுத்து, மூன்று காரியங்கள். எல்லாப் புள்ளிகளின் நடுமையத்தையும் ஒரே இடத்துக்கு நகர்த்துகிறார்கள். பெரிய ஈ, சிறிய ஈ என்ற வேறுபாட்டை நீக்க, ஒவ்வோர் இறக்கையையும் ஒரே அளவுக்குச் சுருக்குகிறார்கள் அல்லது பெருக்குகிறார்கள். இதற்குப் பயன்படும் அளவு, இயற்பியல் மாணவர்களாகிய நீங்கள் அறிந்த சுழற்சி ஆரத்தின் உடன்பிறப்பே: மையத்திலிருந்து புள்ளிகளின் தொலைவுகளை இருபடியாக்கிக் கூட்டி வர்க்கமூலம் காண்பது. பிறகு, புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று கூடுமானவரை பொருந்தும்படி சுழற்றுகிறார்கள். இடம், அளவு, திசை மூன்றும் கழிந்த பின் எஞ்சுவதே வடிவம்.

இம்முறைக்குப் புரோக்ரஸ்டீஸ் என்ற பெயர் சூட்டியிருக்கிறார்கள். இவன் கிரேக்கக் கதையில் வரும் கொள்ளையன். விருந்தாளியைத் தன் கட்டிலில் படுக்க வைப்பான். ஆள் குட்டையானால் இழுத்து நீட்டுவான். நெட்டையானால் காலை வெட்டுவான். பெயர் வைத்தவர்கள் வேடிக்கையாகத்தான் வைத்தார்கள். ஆனால் அதில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

ஓர் இயற்பியல் ஆசிரியரின் தொலைவு

வடிவம் கிடைத்தபின், பெயர் தெரிந்த ஈக்களின் கூட்டங்களோடு அதை ஒப்பிட வேண்டும். இதற்கு உதவும் கருவிகளில் முக்கியமான ஒன்று நம் நாட்டில் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவர் பிரசாந்த சந்திர மகாலனோபிஸ். விலங்கியல் துறை அறிஞர் நெல்சன் ஆனண்டேல் திரட்டி வைத்திருந்த மனித உடல் அளவுகளை ஆராயப் போய், அவர் புள்ளியியலுக்குள் நுழைந்தார். 1931இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார். 1936இல் அவர் வெளியிட்ட ‘பொதுமைப்படுத்திய தொலைவு’ இன்று உலகெங்கும் மகாலனோபிஸ் தொலைவு என்றே அழைக்கப்படுகிறது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் ஆர். ஏ. ஃபிஷர், மூன்று சிற்றினங்களைச் சேர்ந்த 150 ஐரிஸ் பூக்களின் அளவுகளைக் கொண்டு, பல அளவுகளால் இனம் பிரிக்கும் முறையை விளக்கினார். 1948இல் சி. ஆர். ராவ் அதைப் பல கூட்டங்களுக்கும் விரித்தார். ஈயின் இறக்கை ஆராய்ச்சி இவர்களின் தோள்மீதுதான் நிற்கிறது.

மகாலனோபிஸின் கருத்தை எளிதாகச் சொல்கிறேன். ஒரு வகுப்பு மாணவர்களின் உயரம் ஐந்து சென்டிமீட்டர் கூடுவதும் குறைவதும் சகஜம். காதின் நீளம் அரை சென்டிமீட்டர் மாறினாலே அது அரிது. ஆகவே எல்லா அளவுகளையும் ஒரே முழக்கோலால் அளக்கலாகாது. அந்தக் கூட்டத்தில் எது எவ்வளவு இயல்பாக மாறுகிறதோ அதையே அலகாகக் கொள்ள வேண்டும். உயரமானவனுக்குக் கையும் நீளமாக இருக்கும் என்பது போன்ற தொடர்புகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

2017இல் தாய்லாந்திலும் 2019இல் ஐரோப்பாவிலும் வெளிவந்த ஆராய்ச்சிகள், தடயவியலுக்கு வேண்டிய பச்சை, நீல ஈக்களை இறக்கையால் பெருமளவு சரியாக இனம் பிரிக்க முடியும் என்று காட்டின. இத்தகைய கட்டுரைகளில் 90க்கு மேற்பட்ட சதவிகிதம் சாதாரணமாகக் காணப்படும். நுண்ணோக்கியும் படப்பெட்டியும் இலவசமாகக் கிடைக்கும் கணிப்பொறி நிரலும் போதும். இது உண்மையான சாதனை. மறுப்பவன் நான் அல்லன். என் குறை, அந்தச் சதவிகிதத்தை எடுத்துக்கொண்டு நீதிமன்றப் படியேறும் அவசரத்தின் மீதுதான்.

முதல் குறை: படப்பெட்டியின் சாய்வு

வெர்னியர் அளவியைக் கையில் எடுத்ததும் சுழிப் பிழையைப் பார்க்கச் சொல்லி உங்கள் ஆசிரியர் அதட்டியிருப்பார். இறக்கைக்கும் அது பொருந்தும். இறக்கை கண்ணாடித் தகட்டில் முழுவதும் படியாமல் 10 டிகிரி சாய்ந்திருந்தால், சாய்ந்த திசையில் அதன் நீளம் கொசைன் 10 மடங்காக, அதாவது 0.985 மடங்காகக் குறையும். ஒன்றரைச் சதவிகிதம் என்பது அற்பம் என்று தோன்றலாம். ஆனால் மறுதிசையில் நீளம் குறையவில்லை. எல்லாத் திசையிலும் ஒரேயளவு குறைந்தால் புரோக்ரஸ்டீஸ் அதைச் சரி செய்துவிடுவான். ஒரு திசையில் மட்டும் குறைந்தால் அது வடிவ மாற்றமாகவே பதிவாகும். நெருங்கிய உறவுடைய சிற்றினங்களின் இறக்கைகளுக்கிடையே உள்ள வேறுபாடும் மிக நுண்ணியதுதான். பிழை எது, இனம் எது என்று கணிப்பொறிக்குத் தெரியாது.

நரம்புக்கும் ஒரு தடிமன் உண்டு. இரு நரம்புகள் கூடும் இடத்தில் ‘புள்ளி’ எங்கே? நான் வைக்கும் இடம் வேறு. நீங்கள் வைக்கும் இடம் வேறு. ஆகவே ஒரே இறக்கையை ஒருவரே இருமுறையும், இருவர் தனித்தனியாகவும் அளந்து, அந்த வேறுபாட்டைச் சொல்லாத அறிக்கை, பிழை எல்லை எழுதாத செய்முறை ஏட்டுக்குச் சமம். நான் அதற்கு மதிப்பெண் போடமாட்டேன்.

இரண்டாவது குறை: ஊட்டமும் குடும்பமும்

உணவு போதாத புழு சிறிய ஈயாகும். அளவு மாறும்போது வடிவமும் சிறிது மாறும். குழந்தையின் உடலை அப்படியே பெருக்கினால் பெரியவர் உருவம் வராதல்லவா? ஆய்வுக்கூடத்தில் வயிறார உண்டு வளர்ந்த ஈக்களை மாதிரியாக வைத்துக்கொண்டு, ஆயிரம் புழுக்கள் போட்டியிட்ட சடலத்தில் வளர்ந்த ஈயை ஒப்பிடுவது எந்த அளவுக்குச் சரி? ஆண், பெண் ஈக்களின் இறக்கைகளிலும் வேறுபாடு உண்டு.

மேலும் ஒரு பெண் ஈ நூற்றுக்கணக்கான முட்டைகளை ஒரே குவியலாக இடும். அவற்றிலிருந்து வந்த ஐம்பது ஈக்களை அளந்துவிட்டு ஐம்பது சான்றுகள் என்று எழுதினால், உண்மையில் ஒரே தாயின் பிள்ளைகளைத்தான் ஐம்பது முறை எண்ணியிருக்கிறோம்.

மூன்றாவது குறை: ரேஷன் கடைச் சாக்குகள்

இதுவே எல்லாவற்றிலும் பெரியது. ரேஷன் கடையில் மூன்று சாக்குகள் வைத்திருக்கிறீர்கள்: புழுங்கலரிசி, பச்சரிசி, கோதுமை. வேலையாளிடம், “எது வந்தாலும் இந்த மூன்றில் ஒன்றில் போடு” என்கிறீர்கள். ஒருவர் கேழ்வரகு கொண்டு வந்தால்? அதுவும் மூன்றில் ஒன்றில் விழும்! அவன்மேல் குற்றமில்லை. நான்காவது சாக்கு என்று ஒன்று நீங்கள் வைக்கவில்லை.

இனம் பிரிக்கும் கணக்கும் இப்படித்தான். மாதிரித் தொகுப்பில் பத்துச் சிற்றினங்கள் இருந்தால், எந்த இறக்கையைக் கொடுத்தாலும் அப்பத்தில் ஒன்றின் பெயரே வரும். வீட்டு ஈயின் இறக்கையைக் கொடுத்தாலும் பெயர் வரும். கொள்ளையனின் கட்டில் இங்கேதான் திரும்பி வருகிறது. ஆராய்ச்சிக் கட்டுரையில் காணும் உயர்ந்த சதவிகிதம், தொகுப்பில் உள்ள சிற்றினங்களுக்கு மட்டுமே உரியது. ஆனால் சடலத்துக்கு வரும் ஈ, நம் தொகுப்பில் இடம் பெற்றிருக்கிறோமா என்று பார்த்துக்கொண்டு வருவதில்லை.

இதற்கு மருந்து மகாலனோபிஸிடமே இருக்கிறது. அருகில் இருக்கும் கூட்டம் எது என்று மட்டும் கேட்காதீர்கள். எவ்வளவு அருகில் என்றும் கேளுங்கள். எல்லாக் கூட்டங்களிலிருந்தும் வெகு தொலைவில் விழும் இறக்கைக்கு, ‘தெரியாது’ என்ற நான்காவது சாக்கைத் திறந்து வையுங்கள். தெரியாது என்று சொல்லத் தெரியாத கருவி, தெரியும் என்று சொல்லும்போதும் நம்பத்தக்கதன்று.

நான்காவது குறை: சதவிகிதம் படுத்தும் பாடு

ஒரு முறை 95 சதவிகிதம் சரி என்கிறார்கள். அது ஓர் ஈயை ‘அரிய சிற்றினம்’ என்று சொன்னால், அச்சொல் 95 சதவிகிதம் உண்மையா? கணக்குப் போடுவோம். ஓர் ஊரில் ஆயிரம் ஈக்களில் 980 சாதாரணமானவை, 20 அரியவை என்க. 20 அரிய ஈக்களில் 19ஐச் சரியாகச் சொல்லும். 980 சாதாரண ஈக்களில் 5 சதவிகிதத்தை, அதாவது 49ஐத் தவறாக ‘அரியவை’ என்று சொல்லும். ஆக ‘அரியது’ என்று முத்திரை குத்தப்பட்டவை 68. அவற்றில் உண்மையில் அரியவை 19 மட்டுமே, 28 சதவிகிதம்! முறை மாறவில்லை, ஊர்தான் மாறியது. ஆகவே அந்த வட்டாரத்தில் அந்தப் பருவத்தில் எந்த ஈக்கள் எவ்வளவு இருக்கின்றன என்ற களக் கணக்கு இல்லாமல், ஆய்வுக்கூடச் சதவிகிதத்தை வழக்குக்குக் கொண்டு வரலாகாது.

இன்னொன்று. கிரைசோமியா மெகாசெபாலா, கிரைசோமியா ரூஃபிஃபேசீஸ் ஆகிய இரண்டும் நம் தமிழ்நாட்டில் உள்ளவை. இரண்டாவதன் புழுக்கள் மற்ற ஈக்களின் புழுக்களையும் பிடித்துத் தின்னும். ஆகவே இவற்றைக் குழப்பிக்கொள்வது தடயக் கணக்கையே குழப்பும். இவற்றைப் பிரிக்க மார்பின் முன் மூச்சுத் துளையைப் பார்த்தாலே போதும்: முதலாவதில் கருமை, இரண்டாவதில் வெளிர் நிறம். உருப்பெருக்கியால் நொடியில் பிரிக்கக்கூடிய ஈக்களை இறக்கையாலும் பிரித்துக் காட்டி நூற்றுக்கு நூறு வாங்குவதில் பெருமை குறைவு. நெருங்கிய உறவுடைய சிற்றினங்களைப் பிரிக்கும்போது எத்தனை மதிப்பெண் என்பதையே பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி போட்டால் கடினமான கேள்வி மறைந்துவிடும்.

எந்த ஈயின் இறக்கை?

கடைசியாக ஒரு கேள்வி. சடலத்தில் பெரும்பாலும் கிடைப்பவை புழுக்கள். புழுவுக்கு இறக்கை ஏது? சுற்றிப் பறக்கும் ஈக்களுக்கு இறக்கை உண்டு. ஆனால் அவை அடுத்த தெருவிலிருந்தும் வந்திருக்கலாம். அந்தச் சடலத்திலேயே பிறந்து வளர்ந்த ஈ என்று எதை உறுதியாகச் சொல்லலாம்? கூட்டிலிருந்து அப்போதுதான் வெளிவந்து, இன்னும் பறக்க முடியாமல் ஊர்ந்து திரியும் ஈயைத்தான். அந்த ஈயின் இறக்கையோ கசங்கிச் சுருண்டு கிடக்கும். விரிந்து உலரச் சிறிது நேரம் ஆகும். அதாவது மிகச் சிறந்த சாட்சியின் இறக்கையை, அது விரிந்து உலரும்வரை காத்திராமல், இம்முறையால் அளக்க முடியாது!

எனவே இம்முறைக்குப் பொருத்தமான இடங்கள் சிலவே. சடலத்திலிருந்து எடுத்த புழுக்களை ஆய்வுக்கூடத்தில் ஈயாகும்வரை வளர்த்துப் பெயரை உறுதி செய்யும்போது இது நல்ல துணை. பூட்டிய அறையில் நெடுநாள் கிடந்து, உடல் உதிர்ந்து, இறக்கை மட்டும் எஞ்சிய ஈக்களைக் காணும்போது இது பெருந்துணை. இங்கெல்லாம் இதைப் பயன்படுத்தாமல் விடுவதுதான் தவறு.

முடிவாக

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1993இல் டாபர்ட் வழக்கில், விஞ்ஞானச் சான்றை ஏற்குமுன் அம்முறையின் பிழை விகிதத்தையும் நீதிபதி கருத வேண்டும் என்று கூறியது. நம் நாட்டில் 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நிகழிடத்துக்குச் செல்ல வேண்டும் என்கிறது; இதற்கு மாநிலங்களுக்கு ஐந்தாண்டு வரை அவகாசமும் தருகிறது. இனி இத்தகைய சான்றுகள் நம் நீதிமன்றங்களுக்கும் மிகுதியாக வரும். அப்போது ஈயின் இறக்கை கூண்டில் ஏறினால் நான்கு கேள்விகள் கேட்கப்பட வேண்டும். ஒரே இறக்கையை மறுமுறை அளந்தால் எவ்வளவு மாறுகிறது? மாதிரி ஈக்கள் இந்த வட்டாரத்தவையா? ‘தெரியாது’ என்று சொல்ல இக்கருவிக்கு வழி உண்டா? மூச்சுத் துளையும் மயிரும் டி.என்.ஏ.யும் இதே பெயரைச் சொல்கின்றனவா? நான்குக்கும் விடை கிடைத்தால் அந்தச் சாட்சியை நம்பலாம். கிடைக்காவிட்டால் அது துப்பு, சான்று அன்று.

இதை வெறும் வாதமாக விட்டுவிடாமல் நீங்களே செய்து பாருங்கள். இறந்து கிடக்கும் வீட்டு ஈ ஒன்றின் வலது இறக்கையை எடுத்து இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே வையுங்கள். பள்ளி நுண்ணோக்கியின் கண்ணருகு வில்லை மீது கைபேசியை வைத்துப் படம் பிடியுங்கள். நரம்புகள் கூடும் ஐந்து புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் இடைத் தொலைவுகளை அளந்து எழுதுங்கள். தகட்டை எடுத்துவிட்டு, மறுநாள் மீண்டும் வைத்துப் புதிதாகப் படம் பிடித்து அளவுங்கள். இப்படிப் பத்து நாள். பத்து நாளும் ஒரே எண் வராது. உங்கள் நண்பரையும் அளக்கச் சொன்னால் இன்னும் மாறும். அந்த மாற்றத்தின் அளவைக் குறித்து வையுங்கள். அடுத்த முறை ‘கணிப்பொறி கண்டுபிடித்தது’ என்று ஒரு செய்தி வரும்போது, அந்தக் குறிப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.